ஸ்லாட் மெஷின் வருவாயில் குதிரைக்காரருக்கு என்ன பங்கு? ஒன்டாரியோவில் நடந்ததும் பிறகு வந்ததும்

2012 மார்ச் 12 அன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. குதிரைப் பந்தயத் திடல்களில் வைத்திருக்கும் ஸ்லாட் மெஷின்கள் என்ற சூதாட்ட இயந்திரங்களின் வருவாயில் பந்தயத் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்த பங்கு 2013 மார்ச் 31 உடன் நின்றுவிடும் என்றது அது. அறிவிப்பு வந்த நாளில் அந்த மாகாணத்துப் பண்ணைகளில் பெட்டைக் குதிரைகள் சினையாக நின்றிருந்தன. முந்தைய வசந்தத்தில் சேர்க்கை செய்தவை. குதிரைக்குச் சினைக்காலம் பதினோரு மாதம். 2012இல் பிறக்கும் குட்டி 2013 இலையுதிர் காலத்தில் ஏலத்துக்கு வரும். இரண்டு வயதாகி முதல் பந்தயம் ஓடும்போது 2014 ஆகிவிடும். எந்தப் பரிசுப் பணத்தை நம்பி அந்தக் குட்டிக்குச் செலவு செய்தார்களோ அது, குட்டி திடலுக்கு வருவதற்கு ஓராண்டு முன்னாலேயே இல்லாமல் போகும் என்பதுதான் அறிவிப்பின் பொருள்.

குதிரைக்காரர்களுக்கும் கசினோக்களுக்கும் அரசுகளுக்கும் நடுவில் வட அமெரிக்கா முழுக்க நடக்கும் பங்குச் சண்டையில் எல்லோரும் சதவீதத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பத்தா, பன்னிரண்டா, இருபதா? சதவீதம் முக்கியம்தான். ஆனால் ஒன்டாரியோவில் நடந்ததை உற்றுப் பார்த்தால், பங்கு நியாயமானதா என்பதை அதைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை இரண்டு. அந்தப் பங்கு எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யார்.

மைதானத்தில் ஓடுவது எது

ஹார்னஸ் ரேஸிங் என்பது வண்டி இழுக்கும் குதிரைகளின் பந்தயம். நம் ஊர் ரேக்ளாவைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு உடனே பிடிபடும். சல்கி எனப்படும் எடை குறைந்த இருசக்கர வண்டியில் ஓட்டுநர் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். குதிரை ஒரு மைல் தூரத்தை ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் கடக்கும். நாலுகால் பாய்ச்சல் கூடாது என்பதுதான் முக்கியமான விதி. டிராட், பேஸ் என்ற இரண்டு நடைகளில் ஒன்றில்தான் குதிரை கடைசிவரை ஓட வேண்டும். நடை தவறிப் பாய்ச்சலுக்கு மாறிவிட்டால் ஓட்டுநர் அதை இழுத்துப் பிடித்துப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கென்றே வளர்க்கும் இனம் ஸ்டாண்டர்ட்பிரெட்.

ஜாக்கி முதுகில் ஏறி ஓட்டும் தரோபிரெட் பந்தயத்துக்குப் பெரும் பணக்காரர்கள், தொப்பி அணிந்த சீமாட்டிகள், ராஜ குடும்பம் என்று ஒரு பிம்பம் உண்டு. வண்டிக் குதிரைப் பந்தயம் பெரும்பாலும் கிராமத்தாருடையது. கறவை மாடு வைத்திருக்கும் விவசாயி கூடவே இரண்டு பந்தயக் குதிரைகளும் வைத்திருப்பார். அவரே உரிமையாளர், அவரே பயிற்சியாளர், சில நேரம் வண்டி ஓட்டுபவரும் அவரே. ஹனோவர், கிளின்டன், எலோரா, டிரெஸ்டன் என்று தென்மேற்கு ஒன்டாரியோவின் சின்னஞ்சிறு ஊர்களில் கூடத் திடல்கள் இருந்ததற்குக் காரணம் இதுதான். ஓடி ஓய்ந்த குதிரைகளை, காருக்குப் பதில் குதிரை வண்டியில் போகும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு விவசாயிகள் வாங்கித் தங்கள் வண்டிகளில் பூட்டிக்கொள்வார்கள். டொராண்டோவில் இருக்கும் தமிழர்களுக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உட்பைன் பந்தயத் திடல் தெரிந்திருக்கும். வண்டிக் குதிரைகள் இப்போது அங்கே ஓடுவதில்லை. 2018இல் அந்தப் பந்தயம் முழுவதும் மில்டனுக்கு அருகே கேம்பல்வில்லில் உள்ள மோஹாக் திடலுக்குப் போய்விட்டது.

பணம் எப்படிச் சுற்றுகிறது என்று பார்ப்போம். ஒரு பந்தயத்தின் பரிசுத் தொகை 10,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான முறைப்படி முதலில் வரும் குதிரைக்கு 5,000, அடுத்ததற்கு 2,500, மூன்றாவதற்கு 1,200, நான்காவதற்கு 800, ஐந்தாவதற்கு 500. இதில் ஓட்டுநருக்கு ஐந்து சதவீதம், பயிற்சியாளருக்கு ஐந்து சதவீதம். மிச்சம் உரிமையாளரிடம் போகிறது, ஆனால் அங்கே தங்குவதில்லை. லாயத்தில் வேலை செய்பவருக்குக் கூலி, லாடம் அடிப்பவருக்குப் பணம், கால்நடை மருத்துவருக்குக் கட்டணம், ஓட்ஸும் உலர்புல்லும் விற்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கிரயம், குதிரையை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு வாடகை எல்லாம் அதிலிருந்துதான். பரிசுப் பணம் என்ற பெயரைக் கேட்டால் அதிர்ஷ்டசாலி ஒருவருக்குக் கிடைத்த வெகுமதி போலத் தோன்றுகிறது. உண்மையில் ஒரு கிராமத்துத் தொழிலின் மொத்தச் சம்பளப் பட்டியலும் அந்த ஒரு வழியாகத்தான் வருகிறது.

ஏகபோகம் கைவிட்டுப் போனது

கனடாவில் 1969 வரை பரவலாகச் சட்டம் அனுமதித்த சூதாட்டம் என்றால் அது குதிரைப் பந்தயம்தான். அந்த ஆண்டு குற்றவியல் சட்டத்தைத் திருத்தி லாட்டரிகளை அனுமதித்தார்கள். 1985இல் மற்றொரு திருத்தம் வந்து, சூதாட்ட இயந்திரங்களை நடத்தும் அதிகாரம் மாகாணங்களின் கைக்குப் போனது. 1994இல் வின்சர் நகரில் ஒன்டாரியோவின் முதல் கசினோ திறந்தது. 1996இல் ராமா, நயாகரா ஆகிய இடங்களிலும் கசினோக்கள் வந்தன.

இந்தப் போட்டி குதிரைக்காரர்களை ஏன் இவ்வளவு பாதித்தது என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு சூதாட்டங்களின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். பந்தயத்தில் கட்டும் பணம் ஒரு பொதுத் தொகுப்பில் சேர்ந்து, அதில் பெரும்பகுதி ஜெயித்தவர்களுக்கே திரும்பிப் போகிறது. எடுத்துக்கொள்ளும் பிடித்தத்திலிருந்துதான் திடல் நடத்துபவர் செலவும் பரிசுப் பணமும் வர வேண்டும். ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இருபது நிமிடமாவது ஆகும். ஸ்லாட் மெஷினில் சில நொடிக்கு ஒரு ஆட்டம். அதற்கு உலர்புல் வேண்டாம், மருத்துவர் வேண்டாம், பனிக்காலத்தில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தண்ணீர் வைக்க ஆள் வேண்டாம். ஒரே பாக்கெட்டிலிருந்து வரும் பத்து டாலருக்கு இரண்டும் போட்டி போட்டால் எது ஜெயிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த மெஷினை நடத்துவது அரசே, உரிமம் கொடுப்பதும் அரசே என்றால் குதிரைக்காரருக்குப் போட்டியில் நிற்கவே இடமில்லை.

1998 உடன்பாடு

தொண்ணூறுகளின் நடுவில் மைக் ஹாரிஸ் தலைமையிலான அரசு மாகாணம் முழுவதும் சூதாட்ட இயந்திரங்களைப் பரப்ப நினைத்தது. உள்ளூர்களில் எதிர்ப்புக் கிளம்பியது. தங்கள் ஊருக்குள் கசினோ வேண்டாம் என்றார்கள் மக்கள். பந்தயத் திடல்கள் அந்தச் சிக்கலுக்கு வழிகாட்டின. அங்கே ஏற்கெனவே சட்டப்படி பணம் கட்டி விளையாடுகிறார்கள், கட்டடம் இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, ஊருக்கும் பழகிப்போன இடம். 1998 டிசம்பரில் வின்சர் ரேஸ்வேயில் முதல் மெஷின்கள் ஓடத் தொடங்கின. நாளடைவில் 17 திடல்களுக்குத் திட்டம் விரிந்தது.

பங்கீடு இப்படி. மெஷின் வருவாயில் பத்து சதவீதம் திடல் உரிமையாளருக்கு. பத்து சதவீதம் பரிசுப் பணமாகக் குதிரைக்காரர்களுக்கு. திடல் இருக்கும் நகராட்சிக்கு முதல் 450 மெஷின்கள் வரை ஐந்து சதவீதம், அதற்கு மேல் இரண்டு. மற்றதெல்லாம் மாகாணத்துக்கு, அதாவது ஒன்டாரியோ லாட்டரிக் கழகம் வழியாக அரசின் கருவூலத்துக்கு.

அப்புறம் நடந்தது அந்த மாகாணப் பந்தயத்தின் பொற்காலம். பரிசுத் தொகைகள் ஏறின. அமெரிக்காவிலிருந்து நல்ல பொலிக்குதிரைகள் ஒன்டாரியோவுக்கு வந்தன. உள்ளூரில் நிற்கும் பொலிக்குதிரைக்குப் பிறந்த குட்டிகளுக்கென்றே நடத்தும் ஒன்டாரியோ சையர்ஸ் ஸ்டேக்ஸ் தொடர், வளர்ப்பாளர்களை முதலீடு செய்யத் தூண்டியது. லாயம் கட்டினார்கள், நிலம் வாங்கினார்கள், வங்கியில் கடன் எடுத்தார்கள். 2011-12 நிதியாண்டில் தொழிலுக்குக் கிடைத்த பங்கு மட்டும் 34.5 கோடி டாலர். மொத்த வருவாயில் இது இருபது சதவீதம் என்பதால், அந்தத் திடல்களிலிருந்து ஆண்டுக்கு 170 கோடி டாலருக்கு மேல் வந்தது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதில் பெரும்பகுதி அரசுக்குத்தான் போனது. தொழில் அரசைச் சார்ந்திருந்தது என்று பின்னாளில் சொன்னபோது இந்தக் கணக்கைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

பங்கா, மானியமா

2012 பிப்ரவரியில் பொருளியலாளர் டான் டிரம்மண்ட் தலைமையிலான குழு, கடனில் மூழ்கியிருந்த மாகாணத்தின் செலவுகளை எங்கே குறைக்கலாம் என்று பெரிய அறிக்கை ஒன்று கொடுத்தது. பந்தயத் தொழிலுக்குப் போகும் பணத்தையும் மறுபரிசீலனை செய்யச் சொன்னது அது. ஒரு மாதத்துக்குள் லாட்டரிக் கழகத்தின் நவீனமயத் திட்டம் வெளியானது. மெஷின்கள் திடல்களில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வாடிக்கையாளர் எங்கே இருக்கிறாரோ அங்கே கசினோக்களைக் கொண்டுபோகலாம், டொராண்டோவுக்குள்ளேயே பெரிதாக ஒன்று கட்டலாம் என்பது கணக்கு. நிதியமைச்சர் டுவைட் டங்கன் இதை மக்களிடம் முன்வைத்த விதம் எளிமையானது. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பணம் வேண்டுமா, குதிரைப் பந்தயப் பரிசுக்கு வேண்டுமா?

அப்படிக் கேட்டால் யார்தான் குதிரை என்று சொல்வார்கள்? கேள்வியை அமைத்த விதத்திலேயே குதிரைக்காரர்கள் தோற்றுவிட்டார்கள். அவர்களுடைய பதில் சரியானது, ஆனால் ஒரு வரியில் சொல்ல முடியாதது. எங்கள் இடத்தில், எங்கள் வாடிக்கையாளர்களை வைத்து, எங்கள் தொழிலுக்கே போட்டியான ஒன்றை நடத்த ஒப்புக்கொண்டோம். அதற்கு ஈடாகப் பேசிய தொகை இது. அரசு தன் கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுத்த கொடை இல்லை என்றார்கள். கடைக்கு வாடகை கொடுக்கும் வியாபாரி அதை வீட்டுக்காரருக்குத் தரும் உதவித்தொகை என்று சொல்லமாட்டார். எனக்கு இந்த வாதம் நியாயமாகவே படுகிறது. 1998இல் திடல்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அரசுக்கு அவ்வளவு சுலபமாக மெஷின் வைக்க இடம் கிடைத்திருக்காது.

மூன்று திடல்களுக்கு ஓராண்டு அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. வின்சர், ஃபோர்ட் ஈரி, சார்னியா ஆகிய எல்லையோர ஊர்களின் திடல்களில் இருந்த மெஷின்களை 2012 ஏப்ரல் இறுதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 1965இல் தொடங்கிய வின்சர் ரேஸ்வே அதே ஆண்டு ஆகஸ்டில் மூடியது. திட்டத்தின் முதல் மெஷின் வந்த திடல் அது. நிதியமைச்சரின் சொந்தத் தொகுதி இருந்ததும் அதே நகரத்தில்தான்.

கிளர்ச்சி பெரிதானதும் அரசு மூன்று முன்னாள் அமைச்சர்களைக் கொண்ட குழுவை அமைத்தது. எல்மர் புக்கானன், ஜான் ஸ்னோபெலன், ஜான் வில்கின்சன் மூவரும் மூன்று வெவ்வேறு கட்சிக்காரர்கள். மெஷின் வருவாய் இல்லாமல், அதற்கு மாற்றாகவும் எதுவும் இல்லாமல் இந்தத் தொழில் நிற்காது என்று அந்தக் குழு தெளிவாகச் சொன்னது. பழைய திட்டத்தையும் அது விட்டுவைக்கவில்லை. அத்தனை கோடிகள் போயும், யார் என்ன செய்தார்கள் என்று கணக்குக் கேட்கும் ஏற்பாடு இல்லை, வெளிப்படைத்தன்மை இல்லை என்றது.

இந்த விமர்சனத்தைக் குதிரைக்காரர்களின் நண்பர்கள் சட்டென்று கடந்துபோகிறார்கள். கடக்கக் கூடாது. 14 ஆண்டுகளில் சுமார் 370 கோடி டாலர் தொழிலுக்கு வந்தது. அந்தக் காலத்தில் பந்தயம் பார்க்க வரும் கூட்டம் பெருகவில்லை. புதிய தலைமுறையைக் கொண்டுவர, தொலைக்காட்சியில் சுவாரசியமாகக் காட்ட, பணம் கட்டும் முறையை எளிமையாக்க வேண்டிய காலத்தில் பணம் பெரும்பாலும் பரிசுத் தொகையாகவே செலவானது. திடல் உரிமையாளர் பெற்ற பத்து சதவீதத்தைப் பந்தயத்துக்கே செலவிட வேண்டும் என்று நிபந்தனையும் கிடையாது. சிலர் செய்தார்கள், சிலர் செய்யவில்லை. ஆண்டுதோறும் காசோலை வந்துகொண்டிருந்ததால் பார்வையாளர் இல்லாத வெற்று இருக்கைகள் யாரையும் அவசரப்படுத்தவில்லை. பணத்தை நிறுத்த இது காரணமாகாது. நிபந்தனை போட்டுச் சீர்செய்ய இது காரணம். அரசு சீர்செய்வதை விட்டுவிட்டு நிறுத்துவதைத் தேர்ந்தெடுத்தது.

2014 ஏப்ரலில் மாகாணத்தின் தலைமைத் தணிக்கையாளர் போனி லைசிக் நவீனமயத் திட்டத்தைப் பற்றிச் சிறப்பு அறிக்கை தந்தார். பங்கை நிறுத்துவதற்கு முன் பந்தயத் தொழிலைக் கலந்துபேசவில்லை, தொழில் அதை எதிர்பார்க்கவும் இல்லை, திட்டத்தின் வருவாய்க் கணிப்புகளும் மிகை நம்பிக்கையில் போட்டவை என்பதெல்லாம் அதில் வந்தன. அதற்கு முன்பே 2013 மே மாதத்தில் டொராண்டோ நகர மன்றம் புதிய கசினோவை 40க்கு 4 என்ற வாக்கில் நிராகரித்திருந்தது. எந்தப் பெரிய கசினோவின் வருமானத்தை மனத்தில் வைத்துத் திடல்களை உதறினார்களோ அந்தக் கசினோ வரவே இல்லை. நவீனமயத்தை முன்னின்று நடத்திய லாட்டரிக் கழகத் தலைவரும் அதே மாதத்தில் பதவியிழந்தார்.

கையெழுத்து யாருடையது

பண்ணைக்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஸ்டாண்டர்ட்பிரெட் வளர்ப்பாளர்கள் குழு ஒன்று மாகாண அரசின் மீதும் லாட்டரிக் கழகத்தின் மீதும் 2014இல் வழக்குத் தொடுத்தது. 2020இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது.

இந்தத் தோல்வியின் வேர் 1998இலேயே இருக்கிறது. மெஷின்களுக்கான ஒப்பந்தங்கள் லாட்டரிக் கழகத்துக்கும் திடல் உரிமையாளர்களுக்கும் இடையே போடப்பட்டவை. பரிசுப் பணத்துக்குப் பத்து சதவீதம் என்று அவற்றில் இருந்தது, ஆனால் குட்டி வளர்ப்பவர் அந்தத் தாளில் தரப்பாக இல்லை. உரிய முன்னறிவிப்புக் கொடுத்து முறித்துக்கொள்ளவும் வழி இருந்தது. திடல் நடத்துபவருக்கு ஓராண்டு போதும். கட்டடத்தை விற்கலாம், நிலத்தை வீட்டுமனைக்குக் கொடுக்கலாம். குட்டி வளர்ப்பவருக்குச் சேர்க்கையிலிருந்து முதல் ஓட்டம்வரை மூன்று ஆண்டு வேண்டும். அந்தக் குட்டி சம்பாதித்து முதலீட்டைத் திருப்பித் தர இன்னும் இரண்டு. ஐந்தாண்டுத் தொழிலை ஓராண்டு ஒப்பந்தத்தின் மேல் கட்டியிருந்தார்கள். இருபது சதவீதம் என்ற கவர்ச்சியான எண் அந்த ஓட்டையைப் பதினாலு வருடம் மறைத்து வைத்திருந்தது.

2013 பிப்ரவரியில் கேத்லீன் வின் முதல்வரானார். விவசாயத் துறையையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். கிராமப்புறத்தின் கோபம் அவருக்குப் புரிந்திருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஐந்தாண்டுக்கு 40 கோடி டாலர் திட்டம் வந்தது, 2014இல் அது 50 கோடியானது. ஆண்டுக்கு 10 கோடி. முன்பு வந்ததோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பந்தய நாட்கள் குறைந்தன, ஏலத்தில் ஓராண்டுக் குட்டிகளின் விலை விழுந்தது, சேர்க்கை செய்யும் பெட்டைக் குதிரைகளின் எண்ணிக்கை சரிந்தது. ஓட்டுநர்களும் பயிற்சியாளர்களும் குடும்பத்தோடு பென்சில்வேனியாவுக்கும் நியூயார்க்குக்கும் ஒஹாயோவுக்கும் போனார்கள்.

2019இல் ஒரு நீண்டகால ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. முதல் கட்டம் ஏழு ஆண்டு. புதுப்பித்துக்கொண்டே போனால் 19 ஆண்டு வரை. வருவாயில் சதவீதப் பங்கு திரும்பி வரவில்லை. ஆனால் காலம் கிடைத்தது. பழைய பணம் போனதை நினைத்து ஏங்கும் குதிரைக்காரர்கள் கூட இந்த ஒரு விஷயத்தை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த வருடம் பரிசுத் தொகை எவ்வளவு என்று தெரிந்தால்தான் இந்த வருடம் பெட்டைக் குதிரையைச் சேர்க்கைக்கு அனுப்ப முடியும்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் ஏற்பாடு வேறு. அவற்றில் சிலவற்றைப் பார்த்தால் குதிரைக்காரர்கள் எங்கெங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பது தெரியும்.

நியூஜெர்சியில் வந்த பணம், மெஷின் வைக்காமல் இருப்பதற்காக வந்த பணம். அட்லாண்டிக் சிட்டி கசினோக்கள், மெடோலேண்ட்ஸ் போன்ற திடல்களில் ஸ்லாட் வரக்கூடாது என்பதற்காகப் பரிசுத் தொகைக்கு உதவி செய்தன. 2004இல் நான்கு ஆண்டுக்கு 8.6 கோடி டாலர், 2008இல் மூன்று ஆண்டுக்கு 9 கோடி. அட்லாண்டிக் சிட்டியின் வருமானம் சரிந்தபோது இந்த ஏற்பாடும் முடிந்தது. அதற்குள் அண்டை மாநிலங்களில் யாங்கர்ஸ், போகனோ திடல்களில் மெஷின்கள் வந்து பரிசுத் தொகை எகிறியிருந்தது. நல்ல குதிரைகள் அங்கே போயின. 2016 நவம்பரில் மாநிலத்தின் வடபகுதியில் கசினோ வைக்கலாமா என்று மக்களிடம் கேட்டபோது நான்கில் மூன்று பங்குக்கு மேல் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். 2019இல் அரசே ஆண்டுக்கு 2 கோடி டாலர் கொடுக்கச் சட்டம் போட வேண்டியிருந்தது.

இல்லினாய்ஸ் கதை கசப்பானது. 2006இல் வந்த சட்டம், ஆண்டுக்கு 20 கோடி டாலருக்கு மேல் வருவாய் உள்ள நான்கு படகுக் கசினோக்கள் அதில் மூன்று சதவீதத்தைப் பந்தயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றது. கசினோக்கள் வழக்குப் போட்டன. மாநில உச்ச நீதிமன்றம் 2008இல் சட்டம் செல்லும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஆளுநர் ராட் பிளகோயவிச் கைதானார். அந்தச் சட்டத்தை நீட்டிக்கும் மசோதாவில் கையெழுத்திடுவதற்குத் தேர்தல் நிதி கேட்டது அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. கசினோக்கள் மீண்டும் நீதிமன்றம் போய், வண்டிக் குதிரைத் திடல்களான பால்மோரல், மேவுட் இரண்டின் மீதும் 2014 டிசம்பரில் 7.78 கோடி டாலர் தீர்ப்பு வாங்கின. மேல்முறையீட்டில் தொகை வெகுவாகக் குறைந்தும் பயனில்லை. திடல்கள் திவாலாகி, 2015 உடன் அங்கே பந்தயம் முடிந்தது. பேரம் நடந்தது மேலிடத்தில். வேலை போனது லாயத்தில்.

மிச்சிகனில் குதிரைக்காரர்களுக்குப் பங்கே கிடைக்கவில்லை. 2004இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம், சூதாட்டத்தை விரிவுபடுத்த மக்கள் வாக்கு கட்டாயம் என்றது. டெட்ராய்ட்டின் மூன்று கசினோக்களுக்கும் பழங்குடியினர் நடத்தும் சூதாட்டத்துக்கும் விலக்கு. திடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. கடைசியாக நின்ற நார்த்வில் டவுன்ஸ் 2024இல் மூடியது.

புளோரிடாவைத்தான் குதிரைக்காரர்கள் அதிகம் பயப்பட வேண்டும். அங்கே கசினோ நடத்த வேண்டுமென்றால் பந்தயமும் நடத்த வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. 2021 சட்டம் வண்டிக் குதிரைப் பந்தயத்துக்கு அந்தக் கட்டாயத்தை நீக்கியது. 1964 முதல் நடந்துவந்த பொம்பானோ பார்க்கில் 2022 ஏப்ரலில் கடைசிப் பந்தயம் ஓடியது. கசினோ அதே இடத்தில் தொடர்ந்தது. பந்தயத்தின் தோளில் ஏறி உரிமம் வாங்கி, உரிமம் கைக்கு வந்ததும் பந்தயத்தை இறக்கிவிடலாம் என்று சட்டமே சொன்னால், எத்தனை சதவீதம் பேசி வைத்தாலும் அதற்கு மதிப்பில்லை.

பென்சில்வேனியாவில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் மெஷின் வருவாயில் ஒரு பகுதியைப் பந்தய மேம்பாட்டு நிதியாகத் தனியே ஒதுக்குகிறது. இருப்பதில் உறுதியான ஏற்பாடு இது என்றே சொல்வார்கள். அங்கேயும் 2020 பிப்ரவரியில் ஆளுநர் டாம் வுல்ஃப், அதிலிருந்து 20.4 கோடி டாலரைக் கல்லூரி உதவித்தொகைக்கு மாற்றலாம் என்று முன்மொழிந்தார். சட்டமன்றம் அதை ஏற்கவில்லை. அதற்கு எட்டு வருடத்துக்கு முன் ஒன்டாரியோவில் மருத்துவமனை, இங்கே மாணவர்கள். பொதுப்பணத்துக்கு எப்போதும் இன்னொரு நல்ல தேவை இருக்கும் என்பதால் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். இரண்டு இடத்திலும் முடிவு வேறாக வந்ததற்குப் பெரிய காரணம், ஒன்டாரியோவில் நிறுத்துவதற்கு ஓர் அறிவிப்பு போதுமானதாக இருந்தது, பென்சில்வேனியாவில் சட்டமன்றம் வாக்களித்தாக வேண்டியிருந்தது.

இணையத்துக்கு மாறும் பணம்

சரி, இப்போது எங்கே நிற்கிறது? கனடாவில் ஒரே ஒரு விளையாட்டுப் போட்டியின் முடிவின் மீதும் பணம் கட்டுவதை அனுமதிக்கும் சட்டம் 2021 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. குதிரைப் பந்தயத்தின் மீது கசினோக்களும் இணைய நிறுவனங்களும், ஜெயித்தால் எவ்வளவு என்று முன்பே சொல்லிவிடும் நிலையான விகிதத்தில் பணம் வாங்கக்கூடாது என்று அதில் ஒரு விலக்கைச் சேர்க்க வைத்தது பந்தயத் தொழில். அது நல்ல வெற்றி. குதிரைகளை வளர்த்து ஓட்டுபவர்களுக்கு ஒரு பைசா தராமல் அவர்கள் பந்தயத்தின் மீது பிறர் பணம் பண்ணுவதை அது தடுத்தது.

2022 ஏப்ரல் 4 அன்று ஒன்டாரியோ தனியார் இணையக் கசினோக்களுக்குக் கதவைத் திறந்தது. ஸ்லாட் மெஷின் இப்போது ஒவ்வொருவர் கைபேசியிலும் இருக்கிறது. அதற்குத் திடலும் தேவையில்லை, வண்டி நிறுத்தும் இடமும் தேவையில்லை. 1998இல் குதிரைக்காரர்கள் கையில் பேரம் பேச ஓர் இடம் இருந்தது. அந்தப் பேரப் பொருளின் விலை இறங்கிக்கொண்டே போகிறது. உட்பைனை ஒட்டி 2023இல் திறந்த மாபெரும் கசினோ விடுதியை நடத்துவதும் தனியார் நிறுவனம்தான், பந்தயச் சங்கம் அதற்கு நில உரிமையாளராகப் பக்கத்தில் நிற்கிறது.

இந்த நிலையில் குதிரைக்காரர் சங்கங்கள் கேட்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். கைபேசி ஆட்டம் உட்பட, சூதாட்டம் எந்த வடிவத்தில் நடந்தாலும் அதன் வருவாயிலிருந்து சிறிய ஒரு பகுதி, பெரிய சதவீதமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சட்டத்தின் வழியாக வர வேண்டும். ஒப்பந்தத்தில் திடல் உரிமையாளரோடு குதிரைக்காரர் சங்கமும் வளர்ப்பாளர் சங்கமும் தனித் தரப்பாகக் கையெழுத்திட வேண்டும். முறித்துக்கொள்ள விரும்பும் தரப்பு குறைந்தது ஐந்தாண்டு முன்னறிவிப்புத் தர வேண்டும், ஏற்கெனவே சினையாக இருக்கும் குதிரையின் குட்டி ஓடி முடிக்கும் காலம் அது. வாங்கும் பணத்துக்கு ஆண்டுதோறும் வெளிப்படையான கணக்கும் கொடுக்க வேண்டும். 2012இல் அவர்களிடம் இந்தக் கணக்கு தயாராக இருந்திருந்தால், நிதியமைச்சரின் கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்ல முடிந்திருக்கும்.